ஏற்றம் மூச்சுக்கு, இறக்கம் முழங்காலுக்கு

முழங்கால் காயம் ஆறி, சமதரையில் 5 கி.மீ. வலியில்லாமல் ஓடியவர்களில் பலர் மலைப்பாதைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே மறுபடி நொண்டுகிறார்கள். தூரம் அதே 5 கி.மீ.தான். வேகம் இன்னும் குறைவு. இதயத் துடிப்பை அளக்கும் கைக்கடிகாரமும் லேசான பயிற்சி என்றே காட்டியிருக்கும். ஆனாலும் மறுநாள் காலை படிக்கட்டில் இறங்கும்போது முழங்கால் சில்லுக்குப் பின்னால் சுருக்கென்கிறது. அந்த 5 கி.மீ.க்குள் மொத்தம் எத்தனை மீட்டர் இறக்கம் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலோருக்குத் தெரியாது. முழங்காலைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியதே அதைத்தான்.

தொடையின் முன்பக்கத் தசை நான்கு பிரிவுகள் கொண்ட பெரிய கட்டு. அது சில்லைப் பற்றிக்கொண்டு, சில்லுக்குக் கீழே ஒரு தசைநாணாகி, முன்னங்கால் எலும்பில் போய் முடிகிறது. இந்த இழுவையை மூட்டிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தி அதற்கு நெம்புகோல் பலம் கொடுப்பதுதான் சில்லின் வேலை. ஏறும்போது தசை சுருங்கிக் காலை நீட்டுகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே இறுக்கிப் பிடிக்கிறது. கிணற்றுக்குள் கனமான குடத்தை இறக்கும்போது கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவவிடுகிறோமே, அதுபோல. கால் ஒவ்வொரு முறை தரையில் படும்போதும் உடம்பின் வேகத்தை இந்தத் தசைதான் பிரேக் போட்டு உறிஞ்சுகிறது. முழங்கால் மடங்க மடங்க, தசையும் தசைநாணும் சில்லைத் தொடை எலும்போடு சேர்த்து அழுத்துகின்றன. நடக்கும்போது உடல் எடையைத் தாண்டாத இந்த அழுத்தம், படி இறங்கும்போது ஏறத்தாழ 3 மடங்காகவும் ஓடும்போது 4 முதல் 6 மடங்காகவும் உயர்வதாக மதிப்பிடுகிறார்கள்.

சரிவு இதை இன்னும் கூட்டுகிறது. ஓடுபொறியைச் சாய்த்து வைத்து அளந்தபோது, 9 டிகிரி இறக்கத்தில் பாதம் தரையில் மோதும் விசை சமதரையைவிட 54 சதவீதமும், பின்னோக்கித் தள்ளும் பிரேக் விசை 73 சதவீதமும் அதிகமாக இருந்தன. அதே 9 டிகிரி ஏற்றத்தில் மோதும் விசை 39 சதவீதம் குறைந்தது. ஆற்றல் செலவோ இதற்கு நேர்மாறாகப் போகிறது. 10 முதல் 20 சதவீதச் சரிவில், அதாவது 100 மீட்டருக்கு 10 முதல் 20 மீட்டர் தாழும் பாதையில், இறங்கும்போதுதான் ஓட்டத்துக்கு மிகக் குறைந்த ஆற்றல் செலவாகிறது. அதனால் முழங்கால் அதிகம் உழைக்கும் நேரத்தில்தான் மூச்சு சீராக இருக்கிறது. மூச்சையும் இதயத் துடிப்பையும் நம்பிப் பயிற்சியை அளந்தால், இறக்கம் கணக்கிலேயே வராது. தூரத்துக்கு ஒரு கணக்கு வைப்பதுபோல் இறக்க மீட்டருக்கும் தனியாக ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும்.

தசை அசந்தால்

நீண்டுகொண்டே இறுகும் வேலை தசை இழைகளில் நுண்ணிய சேதங்களை உண்டாக்கும். பழக்கமில்லாத இறக்கம் ஓடிய 24 முதல் 72 மணி நேரத்துக்குள் தொடை கடுகடுவென்று வலிப்பது இதனால்தான். வலி ஒருபுறமிருக்க, அந்த நாட்களில் தசையின் பலமும் குறைகிறது. பலமில்லாத தசையோடு மறுபடி இறக்கம் ஓடினால், அது உறிஞ்சத் தவறும் சுமை மூட்டுக்கும் தசைநாணுக்கும் போகிறது. மறுபக்கம் ஒரு நல்ல செய்தியும் உண்டு. சிறிய அளவில் ஒருமுறை இறக்கம் ஓடினாலே தசை தன்னைப் பலப்படுத்திக்கொள்கிறது. அந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நிலைக்கும். ஆகவே இறக்கத்தை முற்றிலும் தவிர்ப்பவர் தன் முழங்காலுக்கு நல்லது செய்யவில்லை. இறக்கத்தை மருந்துபோல் அளந்து கொடுக்க வேண்டும்.

அதற்கு முன் மூட்டில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைப் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். மூட்டுக்குள் 20 முதல் 30 மி.லி. நீர் சேர்ந்தாலே தொடையின் உட்பக்கத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளை மட்டுப்படுகிறது. வலியே இல்லாவிட்டாலும் இது நடக்கும். பிரேக் பாதி வேலை செய்யாத வண்டியை மலையில் இறக்குவதற்குச் சமம் இது. வீட்டிலேயே சோதிக்கலாம். காலை நீட்டிப் படுத்து, தொடையைத் தளர்த்திக்கொள்ளுங்கள். சில்லின் உட்பக்கக் குழிவைக் கீழிருந்து மேலாக உள்ளங்கையால் இரண்டு மூன்று முறை வழித்துவிடுங்கள். இப்போது சில்லின் வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை வழியுங்கள். கண்ணை உட்பக்கக் குழிவின் மீதே வைத்திருங்கள். அங்கே சின்ன அலைபோல் தோல் புடைத்து எழுந்தால் உள்ளே நீர் இருக்கிறது. வெளிப்பக்கத்தைத் தொடும் முன்பே குழிவு தானாக நிரம்பினால் நீர் இன்னும் அதிகம். நீர் இருக்கும் நாளில் இறக்கம் வேண்டாம்.

எந்தக் காயம் என்பதைப் பொறுத்துத் தொல்லையின் முகம் மாறும். சில்லைச் சுற்றிய மந்தமான வலி படிக்கட்டிலும், நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் தெரியும். முழங்காலின் வெளிப்பக்கம் கத்தி வைத்ததுபோல் வலித்து, ஓட ஓடக் கூடி, இறக்கத்தில் உச்சத்துக்குப் போனால் தொடையின் வெளிப்பக்கமாக இடுப்பிலிருந்து முழங்கால்வரை ஓடும் நார்ப்பட்டையைச் சந்தேகிக்கலாம். முழங்கால் சுமார் 30 டிகிரி மடங்கும் இடத்தில்தான் அது உறுத்தும். மெதுவாக இறங்குபவருக்குக் கால் அந்தக் கோணத்திலேயே அதிக நேரம் நிற்பதால், நிதானமான இறக்கம்கூட அதைக் கிளறலாம். சில்லுக்கு நேர் கீழே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி என்றால் தசைநாண். ஜவ்வு கிழிந்து அறுவை செய்துகொண்டவர்களின் கதை வேறு. முழங்காலுக்குள் தொடை எலும்பையும் முன்னங்கால் எலும்பையும் பிணைக்கும் முன் சிலுவை ஜவ்வை மாற்றியவர்கள் பொதுவாக 12 வாரங்களுக்கு முன் சமதரையில்கூட ஓடத் தொடங்குவதில்லை. தொடை பலம் நல்ல காலின் பலத்தில் 90 சதவீதத்தை எட்டியதா என்று அளந்துவிட்டுத்தான் கடினமான தரைக்கு அனுப்புவது வழக்கம். அவர்கள் அறுவை மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் சரி என்று சொல்லாமல் இங்கே சொல்லும் எதையும் தொடங்கக் கூடாது.

படியில் ஒரு சோதனை

சுமார் 20 செ.மீ. உயரமுள்ள படியில், கண்ணாடி முன்னால், ஒற்றைக் காலில் நில்லுங்கள். மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும்வரை 3 விநாடி எடுத்து மெல்ல இறங்கி, எடையைத் தரையில் வைக்காமல் மீண்டும் எழுங்கள். முழங்கால் பெருவிரலையும் தாண்டி உட்பக்கம் சரிகிறதா? மறுபக்க இடுப்பு தாழ்கிறதா? கடைசிச் சில சென்டிமீட்டரில் தொப்பென்று விழுகிறீர்களா? முதல் இரண்டும் இடுப்பின் பக்கத் தசை வலுவிழந்ததைக் காட்டும். மூன்றாவது, தொடைத் தசை இன்னும் பிரேக் போடப் பழகவில்லை என்பதைக் காட்டும். தொடர்ந்து 10 முறை சுத்தமாக வர வேண்டும். வரவில்லையென்றால் இந்தச் சோதனையையே பயிற்சியாக்கிக்கொள்ளலாம். 10 செ.மீ. படியில் தொடங்கி, 8 முறை வீதம் 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். கூடவே ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்தும் பயிற்சியும் வேண்டும். 20 முதல் 25 முறை நிற்காமல் முடிய வேண்டும். ஓட்டத்தில் கெண்டைக்கால் தசை தாங்கும் சுமை உடல் எடையின் பல மடங்கு. அது சோர்ந்தால் அதன் பங்கையும் முழங்கால்தான் சுமக்கும்.

இனி வரிசை. 30 நிமிடம் விறுவிறுப்பாக நடந்து வலியில்லை என்றால், சமதரையில் 1 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று 10 முறை. அது 20, 30 நிமிடத் தொடர் ஓட்டமாக வளர்ந்தபின் மலைப்பாதை. முதலில் ஏற்றத்தில் மட்டும் ஓட்டம், இறக்கம் முழுவதும் நடை. இரண்டு மூன்று வாரம் இப்படிப் போகட்டும். பிறகு இறக்க ஓட்டத்தின் முதல் அளவு: மொத்தம் 50 மீட்டர் இறக்கம், 20 மீட்டருக்கு 1 மீட்டர் தாழும் மென்மையான சரிவில். அதாவது 1 கி.மீ. தூரம். வாரத்துக்கு இரண்டு முறை போதும், நடுவே முழுதாக இரண்டு நாள் இடைவெளி. அடுத்த வாரம் 75, அதற்கடுத்து 100. செங்குத்தான சரிவுக்கு மாறும்போது மொத்த இறக்கத்தைப் பாதியாக்கிவிட்டுத் தொடங்குங்கள். இவை ஆய்வகம் வகுத்த விதிகள் அல்ல, பிடித்து ஏறுவதற்கு ஒரு பிடி. ஒரே வாரத்தில் தூரம், இறக்கம், செங்குத்து இந்த மூன்றில் ஒன்றை மட்டும் கூட்டுவதில்தான் பிடிவாதமாக இருக்க வேண்டும். இரண்டைச் சேர்த்துக் கூட்டிவிட்டு வலி வந்தால், எது காரணம் என்றே தெரியாமல் போகும்.

பாதையையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். சாலையில் வலித்தால் நிற்கலாம். மலை உச்சியில் வலித்தால் ஏறியதையெல்லாம் இறங்கித்தான் ஆக வேண்டும். திரும்பி வரும் தொடக்க மாதங்களில் சிறு குன்று ஒன்றையே பலமுறை ஏறி இறங்குவது நீண்ட ஒற்றை மலையைவிடப் பாதுகாப்பு. ஒவ்வொரு சுற்றின் அடியிலும் நிறுத்திக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது.

வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுங்கள். 2 வரை கவலையில்லை. 3 முதல் 5 என்றால், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் ஏற்கலாம். 5ஐத் தாண்டினால் அங்கேயே நிறுத்திவிட்டு நடை. தீர்ப்பு சொல்வது மறுநாள் காலைதான், ஏனென்றால் தசைநாணும் மூட்டும் உடனே பேசுவதில்லை. குருத்தெலும்புக்கு வலி நரம்பே கிடையாது. அதனால் ஓட்டத்துக்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொள்வது இருக்கிற ஒரே அளவுகோலையும் மறைத்துவிடும்.

இறங்கும் முறையில் பெரிய லாபம் தருவது அடி நீளம். பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்து, காலை முன்னே நீட்டி, குதிகாலால் குத்தி இறங்குவதுதான் பெரும்பாலோர் செய்வது. அந்த நீட்டிய கால் முழுநேர பிரேக்காகிவிடுகிறது. வலது பாதம் 30 விநாடியில் எத்தனை முறை தரையில் படுகிறது என்று எண்ணி 4ஆல் பெருக்குங்கள். 40 என்றால் நிமிடத்துக்கு 160 அடி. அதை 168 முதல் 176 ஆக்குங்கள். அதே வேகத்தில் அடி எண்ணிக்கையை 10 சதவீதம் கூட்டியபோது சில்லின் மேல் விழும் உச்ச அழுத்தம் 14 சதவீதம் குறைந்ததை 2014இல் வெளியான சமதரை ஆய்வு ஒன்று காட்டியது. பாதம் இடுப்புக்குக் கீழே அருகில் படட்டும், முழங்கால் லேசாக மடங்கியே இருக்கட்டும். பார்வை காலடியில் அல்ல, 3, 4 மீட்டர் முன்னால். உயரமான கல்லிலிருந்து குதிக்காமல், பக்கத்தில் இருக்கும் சின்னக் கல்லை இடைப்படியாக்கிக்கொள்ளுங்கள். பாதை அகலமாக இருந்தால் குறுக்கும் நெடுக்குமாக இறங்கலாம், சரிவு குறையும்.

ஊன்றுகோல்கள் இறக்க நடையில் சுமையைக் கைகளுக்குப் பகிர்கின்றன, வெட்கப்படாமல் எடுத்துச் செல்லுங்கள். முழங்கால் உறை சிலருக்கு நம்பிக்கை தரும், தசை பலத்தைத் தராது. காலணியில் குதிகால் உயரம் குறைந்த வகைக்கு மாறினால் சுமை முழங்காலிலிருந்து கெண்டைக்காலுக்கும் குதிகால் நாணுக்கும் இடம் மாறும். திடீரென்று மாறினால் அங்கே புதுக் காயம் வரும்.

மூட்டு பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ, ஊன்றும்போது கால் நழுவி மடிந்தாலோ, அடிபட்ட இரண்டு மணி நேரத்துக்குள் பந்துபோல் வீங்கினாலோ, அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வேகமான வீக்கம் உள்ளே ரத்தம் கசிவதற்கான அறிகுறி. இது மலைமேல் நடந்து, ஊன்ற முடிகிற நிலையில் நடந்தே இறங்க வேண்டியிருந்தால், ஒவ்வொரு படியிலும் அடிபட்ட காலை முதலில் கீழே வையுங்கள், நல்ல கால் பின்னால் வரட்டும். மேலே நிற்கும் கால்தான் மடங்கிக்கொண்டே உடம்பை இறக்குகிறது, அந்த வேலையை நல்ல கால் செய்யட்டும்.