கம்ப்யூட்டர் திரையின் மூலையில் இருக்கிற அந்தக் கடிகாரத்தில் உங்கள் பேரை எழுதாதீர்கள்

காங்கேயம் பக்கம் ஒரு எடை மேடை. கொப்பரை லோடு, நெல் லோடு என்று ராத்திரி பகல் பார்க்காமல் லாரி ஏறி இறங்கும் இடம். போன வருஷம் ஒரு நாள் அங்கிருந்து போன் வந்தது, பிரின்டர் ரிப்பேர், உடனே வாங்க என்று. போய்ப் பார்த்தால் பிரின்டருக்கு ஒன்றும் இல்லை. ஒரு லாரி டிரைவரும் மில் கணக்குப்பிள்ளையும் ஒரே சீட்டைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சீட்டில் லோடு எடை 7:40 தல, காலி எடை 8:25 மாஸ் என்று அடித்திருந்தது.

டிரைவர் சொல்கிறார், காலையில் 7:40க்கு வந்த வண்டியை ராத்திரி 8:25க்குத்தான் இறக்கி விட்டீர்கள், ஹால்டிங் காசு வேண்டும் என்று. கணக்குப்பிள்ளை அன்றைக்கு லீவு போட்டுவிட்டு மறுநாள் வந்தவர், அவருக்கு அந்தச் சீட்டு மட்டும்தான் ஆதாரம். "ஏனுங்க, முக்கால் மணி நேரத்துல எறக்கியாச்சுன்னு சீட்டே சொல்லுதுங்களே" என்கிறார். கம்ப்யூட்டரில் உட்காரும் பையன் மட்டும் பக்கத்தில் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறான். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

விண்டோஸில் இது ரொம்பப் பழைய விளையாட்டு. எக்ஸ்பி காலத்தில் பிரவுசிங் சென்டர் பையன்கள் எல்லாரும் செய்து பார்த்ததுதான். கன்ட்ரோல் பேனலில் ரீஜியன், அதில் அடிஷனல் செட்டிங்ஸ், அதில் டைம் என்று போனால் ஏஎம் சிம்பல், பிஎம் சிம்பல் என்று இரண்டு கட்டம் இருக்கும். அதை அழித்துவிட்டு நம் பேரை அடித்தால் கீழே மூலையில் மணிக்குப் பக்கத்தில் பேர் வந்து நிற்கும். பார்க்க ஜோர்தான். ஆனால் அந்தக் கட்டம் மூலைக் கடிகாரத்துக்கு மட்டும் சொந்தமானது இல்லை. விண்டோஸில் ஓடுகிற பல மென்பொருள்கள் மணியையும் தேதியையும் எந்த வடிவில் எழுதுவது என்று அங்கேதான் கேட்டுக்கொள்கின்றன. பையன் ஏஎம்முக்குத் தல, பிஎம்முக்கு மாஸ் என்று வைத்திருந்தான். எடை மேடை மென்பொருளும் கேட்டது, கிடைத்ததை அப்படியே அச்சடித்துவிட்டது.

அன்றைக்கு சிசிடிவியைப் போட்டுப் பார்த்து ராத்திரிதான் என்று முடிவானது. நான் அங்கே 24 மணி நேரக் கணக்கை வைத்துவிட்டேன். டைம் ஃபார்மட்டில் சின்ன எச் எழுத்து இருந்தால் 12 மணிக் கணக்கு, பெரிய எச் என்றால் 24 மணிக் கணக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். 20:25 என்று வந்துவிட்டால் ஏஎம்மும் வேண்டாம் பிஎம்மும் வேண்டாம். முதலாளி பார்த்துவிட்டு "ரயில்வே டைமுங்களா தம்பி?" என்றார். ஆமாங்க, ரயில்வே டைம்தான், ராப்பகலாக லாரி வருகிற இடத்துக்கு அதுதான் சரி.

இதே ரகத்தில் இன்னொரு கேஸ். வெள்ளகோவில் பக்கம் ஒரு நூல் கமிஷன் மண்டி, அங்கே பில் போடும் மென்பொருள் இருபது வருஷத்துப் பழையது. மூலையில் தேதியோடு கிழமையும் தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று அவர்கள் வீட்டுப் பையன் அதே அடிஷனல் செட்டிங்ஸில் இருக்கிற ஷார்ட் டேட் கட்டத்தில் டி எழுத்தை மூன்று தடவை கூடுதலாகப் போட்டுவிட்டான். மூன்று டி போட்டால் கிழமை சுருக்கமாக வரும், நாலு போட்டால் முழுதாக வரும், விஷயம் சரிதான். மறுநாள் காலையில் பில் மென்பொருள் திறக்கவே இல்லை. தேதி இருக்க வேண்டிய இடத்தில் திங்கள் செவ்வாய் என்று வந்தால் அந்தப் பழைய கட்டைக்கு என்ன தெரியும் பாவம். கிழமை வேண்டும் என்றால் கடிகாரத்தின் மேல் மவுஸை ஒரு நொடி வையுங்கள், நீளத் தேதி தானாக வரும். லாங் டேட் கட்டத்தில் கிழமை இருந்தால் அதுவும் அதில் தெரியும். அப்புறம், அங்கே கை வைக்கிறபோது பெரிய எம் என்றால் மாதம், சின்ன எம் என்றால் நிமிடம் என்பதையும் மறக்க வேண்டாம்.

நான் நிஜமாகவே பயப்படுவது தேதியின் வரிசைக்குத்தான். விண்டோஸைப் புதிதாக ஏற்றும்போது அவசரத்தில் எல்லாவற்றுக்கும் நெக்ஸ்ட் கொடுத்துக்கொண்டே போனால் பல சமயம் ரீஜியன் அமெரிக்காவாக நின்றுவிடும். அமெரிக்காவில் மாதம் முன்னாடி, நாள் பின்னாடி. மூலையில் 4/3/2025 என்று தெரிந்தால் நாம் மார்ச் 4 என்று படிப்போம், கம்ப்யூட்டர் சொல்வதோ ஏப்ரல் 3. கண்ணால் படிக்கிற தப்போடு போனால் பரவாயில்லை. பேங்க் ஸ்டேட்மென்டை சிஎஸ்வி ஃபைலாக இறக்கி எக்செலில் திறந்தால்தான் கூத்து. பேங்க் நம் வழக்கப்படி 03/04/2025 என்று எழுதியிருக்கும், ஏப்ரல் 3. எக்செல் அதை அமெரிக்க வழக்கப்படி மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். ஏப்ரலில் வந்த பணம் மார்ச்சுக்குப் போய், புது நிதியாண்டு வரவு பழைய நிதியாண்டுக்குள் உட்கார்ந்துவிடும், ஆடிட்டர் கேட்கும்போதுதான் முழிப்போம்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. 13/04/2025 என்பதை எக்செலால் அப்படித் திருப்ப முடியாது, பதிமூன்றாவது மாதம் ஏது? அதனால் அதைத் தேதியாக எடுக்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும், அது கட்டத்தின் இடது பக்கம் ஒட்டி நிற்கும். தேதியாக எடுத்துக்கொண்டதெல்லாம் வலது பக்கம் நிற்கும். ஒரே பத்தியில் பாதித் தேதி இடது பாதித் தேதி வலது என்று இருந்தால் கையை எடுத்துவிட்டு ரீஜியனைப் பாருங்கள், அங்கே ஃபார்மட்டை இங்கிலீஷ் (இந்தியா) என்று மாற்றுங்கள். மாற்றிவிட்டு, ஏற்கெனவே சேமித்த ஷீட்டை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம், அது திரும்பாது. பேங்க்கில் இருந்து ஃபைலை மறுபடி இறக்கித் திறக்க வேண்டியதுதான்.

டைம் ஸோனும் இப்படித்தான், புதிதாக ஏற்றியதும் அமெரிக்காவின் பசிபிக் நேரத்தில் நிற்கும். மணி தப்பாக இருக்கிறதே என்று ஸோனைத் தொடாமல் முள்ளை மட்டும் தள்ளி வைத்துவிடுகிறார்கள். பார்க்க மணி சரியாக இருக்கும், ஆனால் கம்ப்யூட்டர் தன்னை அமெரிக்காவில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும், அடுத்த தடவை இணையத்தில் இருந்து நேரத்தைச் சரிபார்க்கும்போது மறுபடி பழைய குருடி கதவைத் திறடி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர் பெண் ஒருவர் பையரின் வீடியோ காலைத் தவறவிட்டது இப்படித்தான். ஸோனைச் சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி என்று இருக்கிற வரிக்கு மாற்றுங்கள், அது 5:30 கூட்டல் என்று காட்டும். சேலம், கோயம்புத்தூர் எல்லாம் பட்டியலில் தேட வேண்டாம், இருக்காது.

ஏற்றுமதி ஆபீஸ்காரர்களுக்கு நான் விரும்பிச் செய்து கொடுக்கிற அலங்காரம் ஒன்று உண்டு. டேட் அண்ட் டைம் பகுதியில் அடிஷனல் கிளாக்ஸ் என்று இருக்கும், இன்னும் இரண்டு ஊர் நேரத்தைச் சேர்க்கலாம். பெர்லின் ஒன்று, நியூயார்க் ஒன்று. கடிகாரத்தின் மேல் மவுஸை வைத்தால் மூன்றும் தெரியும். மானிட்டரில் ஜெர்மனிக்கு நாலரை மணி கழி என்று சீட்டு ஒட்டி வைத்திருப்பவர்கள் அதைக் கிழித்துவிடலாம், ஏனென்றால் நாலரை என்பது அவர்களுடைய குளிர்காலத்துக்கு மட்டும்தான், கோடையில் மூன்றரை. அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறே கோடைக்காக மணியை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிடும், ஐரோப்பா கடைசி ஞாயிறுதான் தள்ளும், நடுவில் இரண்டு மூன்று வாரம் யாருக்கு எத்தனை மணி என்று தலை சுற்றும். இதை விண்டோஸ் தானே பார்த்துக்கொள்ளும். இதனால் வேறு எந்த மென்பொருளும் குழம்பாது.

நொடி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு விண்டோஸ் 11ல் செட்டிங்ஸிலேயே அதற்கு ஒரு டிக் இருக்கிறது, மின்சாரம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும் என்று அதுவே சொல்லும், டெஸ்க்டாப்பில் கவலைப்பட ஒன்றுமில்லை. விண்டோஸ் 95ஐத் தயாரிக்கும்போது 4 எம்பி ரேம் இருந்த மெஷின்களில் நொடி காட்டுவதே பாரம் என்று எடுத்துவிட்டார்களாம், அந்தக் காலம்.

டெஸ்க்டாப்பில் பெரிதாக முள் கடிகாரம், ராகுகாலம் காட்டும் கடிகாரம் என்று கண்ட தளத்தில் இருந்து இலவசமாக இறக்குகிற வேலை மட்டும் வேண்டாம். நான் வைரஸ் எடுத்த கம்ப்யூட்டர்களில் இப்படி வந்ததும் இருக்கிறது. விஸ்டா, விண்டோஸ் 7ல் இருந்த கேட்ஜெட் கடிகாரங்களையே ஆபத்து என்று சொல்லி 2012ல் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. ராகுகாலத்துக்கு சுவரில் தினசரி காலண்டர் இருக்கிறது.

எத்தனை அழகாக அமைத்தாலும் தினமும் காலையில் தேதி பல வருஷம் பின்னாடி போய் நிற்கிறது என்றால் அது மதர்போர்டில் இருக்கிற பட்டன் பேட்டரி. சிஆர் 2032 என்று கேட்டு வாங்குங்கள். நம் பக்கம் ராத்திரி கடை சாத்தும்போது மெயினையே அணைத்துவிட்டுப் போகிறோம், அப்போதெல்லாம் கடிகாரம் அந்தப் பேட்டரியில்தான் ஓடுகிறது, அதனால் சீக்கிரம் தீர்ந்துபோகும். தேதி தப்பினால் பிரவுசரில் பேங்க் தளமும் ஜிஎஸ்டி தளமும் பாதுகாப்பு இல்லை என்று சொல்லித் திறக்காது, நெட்காரரைத் திட்டிக்கொண்டிருப்போம். பழைய பேட்டரியைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள், குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

அந்த எடை மேடை முதலாளி போன மாதம் மறுபடி கூப்பிட்டார். ஆபீஸில் சுவர்க் கடிகாரம் எப்போதும் பத்து நிமிடம் முன்னாடி ஓடும், அவங்க அப்பா காலத்துப் பழக்கம், கம்ப்யூட்டரையும் அதே மாதிரி பத்து நிமிடம் தள்ளி வைக்கச் சொன்னார். முடியாதுங்க, இணையம் அதைத் திருப்பி இழுத்துவிடும், ஆட்டோமேட்டிக்கை அணைத்தால் சீட்டில் தப்பான நேரம் அடிக்கும், மறுபடி டிரைவர் வருவார் என்றேன். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார், அப்புறம் மானிட்டரைப் பார்த்தார். "சரிங் தம்பி, சீட்டுக்கு உங்க மணி, எனக்கு எங்கப்பன் மணி" என்று சொல்லிவிட்டு டீ சொன்னார்.