கருநீல மையன்று, கத்தரிப்பூ மை

ஜப்பானின் பைலட் பேனா நிறுவனத்தின் இரோஷிசுகு மை வரிசையில் வரும் ‘முரசகி ஷிகிபு’ என்னும் மையைப் பேனாவில் ஊற்றி எழுதிப் பார்க்கவேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. அதை விற்பவர் அனுப்பிய தமிழ் விலைப்பட்டியலில் அந்த மையின் பெயருக்கு நேரே “கருநீல மை, 50 மி.லி.” என்று அச்சிட்டிருந்தார்கள். புட்டி வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தால் நான் எதிர்பார்த்த, சிவப்பும் நீலமும் கலந்த பர்ப்பிள்தான். மையில் குறையில்லை, பெயரில்தான் குறை. துணி, சுவர்ப்பூச்சு, குழந்தைகளின் வண்ணக்குச்சி என எதன் உறையிலும் பர்ப்பிள் கருநீலமாகிவிடுவதைப் பலமுறை பொறுத்துக்கொண்டேன். மையிலும் அதே பிழை வரும்போது பொறுக்க முடியவில்லை. ஏனென்றால் மை உலகில் கருநீலம் என்ற பெயருக்கு உரிமையாளர் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.

கடைக்காரர்கள் ‘ப்ளூ பிளாக்’ என்று சொல்லும் மைதான் அந்த உரிமையாளர். பழைய முறைப்படி செய்த அந்த மையில் இரும்பு உப்பும் துவர்ப்புச் சத்தும் இருக்கும். எழுதும்போது நீலமாகத் தெரிவது அதில் கலந்த சாயம்; காற்றுப் பட்டதும் இரும்புச் சேர்மம் கறுத்துத் தாளோடு ஒட்டிக்கொள்ளும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் காய்ச்சிய நம் பழைய மைக்கும் இதே வேதியியல்தான். நீலமாய்ப் பிறந்து கருமையாய் முடியும் ஒரு மைக்குக் கருநீலம் என்பதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. போதாக்குறைக்கு, வானவில்லின் ஏழு நிறங்களில் ஊதாவுக்கும் நீலத்துக்கும் நடுவில் உள்ள இண்டிகோவைக் கருநீலம் என்றுதான் பள்ளிப் பாடநூல்கள் சொல்கின்றன. பர்ப்பிளையும் அந்தச் சொல்லின் தலையில் ஏற்றினால் மூன்று பொருளுக்கு ஒரு பெயர் என்றாகிவிடும்.

பர்ப்பிள் என்னும் ஆங்கிலச் சொல் இலத்தீன் ‘புர்ப்புரா’ வழியாகக் கிரேக்கத்தின் ‘போர்ஃபுரா’விலிருந்து வந்தது. அது முதலில் நிறத்தின் பெயரன்று. மத்தியதரைக் கடலில் சாயம் எடுக்கப் பயன்பட்ட ஒருவகை நத்தையின் பெயர். 1909இல் ஃப்ரீட்லெண்டர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் பன்னிரண்டாயிரம் நத்தைகளிலிருந்து எடுத்த சாயம் 1.4 கிராம்தான் தேறியது என்பதால், அந்நிறம் பெரும்பாலும் அரசர்களுக்கும் பெருஞ்செல்வர்களுக்கும் உரியதாக இருந்ததில் வியப்பில்லை. 1856இல் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயது இளைஞர் கொய்னா மருந்தைச் செய்யப்போய்த் தற்செயலாக அந்நிறத்தில் ஒரு செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் அது எல்லாருக்கும் எட்டியது. சொல்லின் வரலாறு இவ்வளவுதான். நம் சிக்கல் அங்கே இல்லை, தமிழில்தான் இருக்கிறது.

“ஊதா இருக்கும்போது வேறு சொல் எதற்கு?” என்பார்கள். ஊதா தனித்தமிழ் என்று நம்பி ‘வயலட்’டை விரட்ட அதைக் கையில் எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: அது உருதுவிலிருந்து வந்தது, தெலுங்கிலும் அதே சொல் வழங்குகிறது. வந்த சொல் என்பதற்காக அதை வெறுக்க நான் ஆளில்லை. என் தடை வேறு. அறிவியல் தமிழில் ஊதா என்பது வானவில்லின் ஓரத்தில் உள்ள வயலட்டுக்கு உறுதியாகிவிட்டது. புற ஊதாக் கதிர் என்று நாம் சொல்வது அதற்கு அப்பால் உள்ள கதிரைத்தான். பர்ப்பிளோ வானவில்லிலேயே இல்லாத நிறம். சிவப்பு ஒளியும் நீல ஒளியும் ஒருசேரக் கண்ணில் விழும்போது தோன்றுவது அது; அதற்கென்று தனி அலைநீளம் கிடையாது. இரண்டாவது தடை நடைமுறை சார்ந்தது. ஊர்ப்பக்கம் பலருக்கு ஊதா என்றால் நீலமேதான். ஒரு கடையில் “ஊதா மை ஒரு பாட்டில் கொடுங்க அண்ணே” என்று கேட்டபோது அவர் தயங்காமல் ராயல் ப்ளூவை எடுத்து வைத்தார். “இது நீலம் அல்லவா?” என்றதற்கு, “ஊதான்னா நீலந்தானே தம்பி” என்று என்னைத் திருத்தினார். ராயல் ப்ளூ மையும் சற்றே வயலட் பக்கம் சாய்ந்ததுதான் என்பதால் அவரைக் குறைசொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

இனி, சொல்லாக்க ஆர்வலர்களின் செல்லப்பிள்ளையாகிய ‘செந்நீலம்’. செம்மையும் நீலமும் கலந்தது செந்நீலம், எவ்வளவு எளிது என்கிறார்கள். கணக்கு சரிதான், சிவப்பு மையையும் நீல மையையும் ஒரே மைக்கூட்டில் ஊற்றிப் பள்ளியில் நாமே செய்த சோதனை அது. அந்தக் கலவையில் ஒரு சொட்டை ஒற்றுத்தாளில் விட்டு அதன்மேல் ஒரு துளி நீரை வைத்தால், சாயங்கள் வெவ்வேறு தொலைவுக்கு ஓடி வளையங்களாகப் பிரிந்துவிடும். ஆனால் நிறம் எவற்றால் ஆனது என்பது வேறு, அதற்கு மக்கள் வைக்கும் பெயர் வேறு. பச்சையை மஞ்சநீலம் என்று யாராவது சொல்கிறார்களா? மேலும் தமிழில் இரு நிறச் சொற்கள் சேரும்போது பின்னால் நிற்பதே தலைமைச் சொல். செம்பழுப்பு என்றால் சிவப்போடிய பழுப்பு. கரும்பச்சை என்றால் இருண்ட பச்சை. அந்த வழக்கப்படி செந்நீலம் என்றால் சிவப்போடிய நீலம், அதாவது நீலத்தின் ஒரு சாயல். சிவப்புப் பக்கம் நன்றாகச் சாய்ந்த பர்ப்பிள் மைகளை அந்தச் சொல் எப்படித் தாங்கும்? செம்மஞ்சளைச் சான்றுக்கு இழுப்பார்கள். அந்தச் சொல்லும் நூலில் இருக்கிறதே தவிர, கடைத்தெருவில் ஆரஞ்சுதான் ஆட்சி செய்கிறது. இன்னொரு வேடிக்கை: ஊதா வேற்றுமொழி என்று தள்ளுபவர்கள் அதற்கு ஈடாகக் கொண்டுவரும் சொல்லிலுள்ள நீலத்தை வடசொல் என்பாரும் உண்டு, அதை மறுத்து நீலம் தமிழே என வாதிடுவோரும் உண்டு. அந்த வழக்கு தீரும்வரை எழுதுகோலை மூடி வைத்துக்கொண்டு காத்திருக்க முடியுமா?

நாவல் நிறம் என்று சொல்வோரிடம் எனக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. கன்னடத்தில் நாவலைக் குறிக்கும் ‘நேரளெ’தான் பர்ப்பிளுக்குப் பெயர், இந்தியில் ‘ஜாமுனி’. ஆனால் நம் இலக்கியக் கண் நாவலைக் கருமையாகவே பார்த்திருக்கிறது. நற்றிணைப் பாட்டொன்றில் மணலில் விழுந்த நாவற்பழத்தைத் தம் இனமென்று எண்ணித் தும்பிகள் மொய்க்கின்றன. தும்பிக்கே மயக்கம் தரும் அளவுக்குக் கறுப்பு. பழத்தின் சாறு நாக்கிலும் பள்ளிச் சட்டையிலும் விட்டுச்செல்லும் கறைதான் நாம் தேடும் நிறமே ஒழிய, பழமன்று.

ஆகவே கத்தரிப்பூ நிறம். இதை நான் உருவாக்கவில்லை. புடவைக் கடையில் “கத்தரிப்பூ கலர்ல எடுங்க” என்று தமிழ்ப் பெண்கள் தலைமுறைகளாகக் கேட்டு வாங்குவது. கத்தரிப்பூ வெளிறியதாயிற்றே, மை அடர்த்தியாயிற்றே என்று ஒரு தடை வரலாம். அதை எழுதியே பார்த்தேன். பேனாவைக் கழுவி, முள்ளுக்கு அடியிலுள்ள நாக்கில் பழைய நீலம் ஒட்டியிருக்கிறதா என்று வெள்ளைத் துணியில் ஒற்றிச் சரிபார்த்து, பருத்த முள் உள்ள பேனாவில் இந்த மையை நிரப்பி ஒரு பக்கம் எழுதினேன். கோடு மெலியும் இடத்தில், ‘ட’வின் தொடக்கத்தில், நிறம் வாடாத பூவிதழ்போலவே இருந்தது, ‘ம’வின் வளைவில் முள் நின்று மை தேங்கிய இடத்தில் காயின் தோல்போல இருண்டது. ஒரே செடியின் பூவும் காயும் ஒரே எழுத்துக்குள் இருக்கும்போது இதைவிடப் பொருத்தம் வேறு என்ன வேண்டும்? உலகத்தார் வழியும் இதுவே. வயலட் ஒரு பூவின் பெயர். ‘முரசகி’ ஜப்பானில் வேரிலிருந்து சாயம் தரும் ஒரு செடியின் பெயர். தெலுங்கில் வங்காய ரங்கு, இந்தியில் பைங்கனி, இரண்டும் கத்தரிக்காய்தான். நாம் மட்டும் சூத்திரம் போட்டுப் பெயர் கட்டவேண்டுமா?

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குள்ள வருத்தம், பொருளைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்த்துப் பெயர்க்கிறார்கள் என்பதே. புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த எவரும் அதைக் கருநீலம் என்று எழுதமாட்டார். நிறப்பெயர் தவறினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் 2016இல் ஹரியானாவின் மாநிலங்களவைத் தேர்தலை நினைத்துப் பார்க்கலாம். வேறு மை கொண்ட பேனாவால் குறித்தார்கள் என்று வாக்குகளே செல்லாமற்போயின. அதன் பின்னர் 2017 குடியரசுத் தலைவர் தேர்தலில் தேர்தல் ஆணையமே வயலட் மை கொண்ட பேனாவைக் கொடுத்து வாக்களிக்கச் சொன்னது. அந்த மையைத் தமிழில் ஊதா என்று எழுதினால் எனக்கு உடன்பாடே, அது வயலட்.

எழுத்துப் பற்றி ஒரு சொல். கத்தரி, கத்திரி என இரு வடிவங்களும் வழக்கில் உள்ளன. கத்திரி என்றதும் துணி வெட்டும் கருவியும் சித்திரை வெயிலும் நினைவுக்கு வருவதால் செடிக்குக் கத்தரி என்றே நான் எழுதுகிறேன். கத்தரிப்பூ நிற மை என்பதைச் சுருக்கிக் கத்தரிப்பூ மை என்று சொன்னால் போதும். பூவை அரைத்துச் செய்த மை என்று யாரும் கொள்ளமாட்டார். மை என்றாலே கருமை என்று பொருள்படும் மொழியில் சிவப்பு மை என்று கூசாமல் எழுதிக்கொண்டிருக்கிறோமே.