வெந்தய மணம் ஏறிய கறுப்பு பீர்

பீரை வாங்கிய சூட்டோடு குடித்துவிட வேண்டும் என்பதுதான் நமக்குத் தெரிந்த பழக்கம். டாஸ்மாக்கில் வாங்குகிறவர் முதலில் பாட்டில் சில்லென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். கொஞ்சம் விவரமானவர் தயாரித்த தேதியையும் பார்ப்பார். வெளிர் மஞ்சள் லாகர் பீருக்கு இது சரியான பழக்கம். ஆனால் பெல்ஜியத்தில் அடர்பழுப்பாக, 9 முதல் 11 சதவீதம் வரை ஆல்கஹாலோடு காய்ச்சுகிற ஒரு வகை ஏல், அதாவது சூடாகவே நொதிக்க விடும் பீர், இருக்கிறது. அதை வாங்கி வருஷக்கணக்கில் நிலவறையில் வைத்துக் காத்திருந்து குடிக்கிறவர்கள் உண்டு. ஷிமே நீல லேபிள் 9 சதவீதம், வெஸ்ட்ஃப்ளெட்டரன் 12 என்பது 10.2 சதவீதம், ரோஷ்ஃபோர் 10 என்பது 11.3 சதவீதம். மூன்றுமே டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடங்களிலிருந்து வருபவை. ஷிமே நீலம் கிறிஸ்துமஸ் பீராகத் தொடங்கியது. வைத்துக் குடிக்கிறவர்களுக்காகவே அதில் ஆண்டு அச்சிடப்படுகிறது.

இது சென்னையில் எளிதில் கிடைக்கிற சரக்கு அல்ல. ஆனால் வடசென்னையில் கப்பலுக்குப் போகிறவர்கள் நிறைய. ராயபுரத்தில் இருக்கும் என் சித்தப்பாவும் ஒருவர். ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது வாங்கிய ஷிமே நீலம் ஒன்று, அவர் வீட்டு மர அலமாரியில் பல கோடைகளைத் தாண்டிக் கிடந்தது. போன விடுமுறைக்கு வந்தபோது புதிதாக இன்னொன்று கொண்டுவந்தார். இரண்டையும் ஒரே மாலையில் திறந்து, ஆளுக்கு ஒரு சின்ன டம்ளர் அளவு பகிர்ந்தோம். 330 மில்லி பாட்டில் ஒன்றில் ஏறக்குறைய 23 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. குடியால் நொடிந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு என்பதால், இதைச் சுவைக்கிற விஷயமாக மட்டுமே வைத்துக்கொள்வதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

புதிய பாட்டிலில் முதலில் எழுந்தது பழுத்த வாழைப்பழ வாசனை. அடுத்து லேசாகக் கிராம்பு, அடியில் கருப்பட்டி. பழைய பாட்டிலில் வாழைப்பழம் காணாமல் போயிருந்தது. பேரீச்சை, உலர்ந்த திராட்சை, ஏதோ ஒரு ஒயின் வாடை, கூடவே என்னால் பெயர் சொல்ல முடியாத ஒன்று. சித்தி குடிக்க மாட்டார், டம்ளரை வாங்கி மோந்து மட்டும் பார்த்துவிட்டு, "இன்னாப்பா இது, வெந்தயத்த வறுத்து எறக்கன மாரி கீது!" என்றார். நான் தேடிக்கொண்டிருந்த பெயர் அதுதான். சித்தி சொன்னது வேதியியல்படியும் சரி. அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வாழைப்பழம். அது பழத்திலிருந்து வரவில்லை, ஈஸ்டிலிருந்து வருகிறது. பெல்ஜிய ஈஸ்டைச் சூடாகவே நொதிக்க விடுகிறார்கள். 20 டிகிரியில் தொடங்கி 28 டிகிரி வரைகூட ஏற விடுவதுண்டு. லாகர் 10 டிகிரி அருகில் நொதிப்பது. சூட்டில் வேலை செய்யும் ஈஸ்ட், ஆல்கஹாலையும் அமிலத்தையும் இணைத்து எஸ்டர்கள் எனப்படும் மணப்பொருள்களை அதிகமாகத் தயாரிக்கிறது. அவற்றில் ஒன்றான ஐசோஅமைல் அசிடேட்தான் வாழைப்பழத்தின் முக்கிய மணமும். கிராம்பு வாசனைக்கும் இந்த ஈஸ்ட்தான் காரணம். பார்லி உமியில் இருக்கும் ஃபெருலிக் அமிலத்திலிருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடைக் கழற்றி, 4-வினைல் குவையகால் என்ற பொருளாக மாற்றிவிடுகிறது. கிராம்பில் இருக்கும் யூஜினாலுக்கு அது நெருங்கிய சொந்தம். லாகர் ஈஸ்டுகள் பெரும்பாலும் இந்தத் திறனை இழந்தவை.

கருப்பட்டி வாசனையும் கறுப்பு நிறமும் வேறு வழியில் வருகின்றன. வறுத்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஒரு பக்கம், பீட்ரூட் இனத்துக் கிழங்கிலிருந்து எடுத்த சர்க்கரையைக் கறுக்கக் காய்ச்சிய பாகு மறுபக்கம். இந்தச் சர்க்கரையில் பெரும்பகுதியை ஈஸ்ட் தின்று தீர்த்துவிடும். அதனால்தான் ஆல்கஹால் இவ்வளவு இருந்தும் பீர் நாக்கில் பாகு போல ஒட்டாமல் இறங்குகிறது. சர்க்கரை போனாலும் காய்ச்சும்போது பிறந்த நிறமும் மணமும் தங்கிவிடுகின்றன.

இனி பாட்டில் மூடிய பிறகு நடப்பது. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

எஸ்டர் உருவாவது ஒருவழிப் பாதை இல்லை. எஸ்டர் தண்ணீரோடு சேர்ந்து மறுபடி அமிலமாகவும் ஆல்கஹாலாகவும் பிரியும். அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டராகவும் ஆகும். இரண்டும் சமநிலையை நோக்கி மெதுவாக நகரும். ஈஸ்ட் தன் என்ஸைம்களால் ஐசோஅமைல் அசிடேட்டை அந்தச் சமநிலைக்கு மேலாகத் திணித்து வைத்திருக்கிறது. ஆகவே மாதங்கள் போகப்போக அது பிரிகிறது, வாழைப்பழம் மங்குகிறது. மறுபக்கம், பீரில் சும்மா இருந்த சில அமிலங்கள் அங்கே நிறைந்திருக்கும் எத்தனாலோடு சேர்ந்து புதிய எஸ்டர்களாகின்றன. அவற்றில் சில ஒயின் வாடை கொண்டவை. ஒரே விதி ஒரு மணத்தை அழித்து இன்னொன்றை எழுப்புகிறது. ஆல்கஹால் கூடுதலாக இருக்கும் பீரில் இந்த இரண்டாவது வேலைக்கு மூலப்பொருளும் கூடுதல்.

கசப்பும் இறங்கும். ஹாப்ஸ் என்ற பூ தரும் கசப்பான ஐசோ-ஆல்ஃபா அமிலங்கள் இரண்டு வடிவத்தில் இருக்கும்; டிரான்ஸ் வடிவம் சீக்கிரமே சிதைகிறது, சிஸ் வடிவம் தாக்குப்பிடிக்கிறது. கசப்பு விலகிய இடத்தில் இனிப்பு முன்னால் வந்து நிற்கும். உண்மையில் இனிப்பு கூடியிருக்காது.

நிறத்தையும் உலர்பழ வாசனையையும் ஆழமாக்குவதில் பெரிய பங்கு மெயிலார்ட் வினைக்கு. சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து பழுப்பாகும் வினை. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி-காமில் மெயிலார்ட் 1912-இல் விவரித்தது. தோசைக்கல்லில் நிமிஷங்களில் நடப்பது பாட்டிலில் வருஷங்களில் நடக்கிறது. கொத்தவால்சாவடி மளிகைக் கடையில் புதுப்புளியும் பழம்புளியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒன்று செம்பழுப்பு, மற்றது கறுப்பு. புளி எந்த அடுப்பிலும் ஏறாமல் வெறுமனே இருந்தே கறுக்கிறது. என்ஸைம் உதவி இல்லாமல் நடக்கும் இந்தப் பழுப்பாதலில் மெயிலார்ட் வினைக்குப் பங்கு உண்டு. பழம்புளி கெட்டுப்போன புளி என்று எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். குழம்பின் குணம் மாறும் என்றுதான் சொல்வார்கள். கறுப்பு ஏலைப் பற்றி எனக்கும் அதே கருத்துதான்.

இப்போது வெந்தயம். சோட்டோலான் என்று ஒரு மூலக்கூறு. வெந்தயத்தின் அடையாள மணம் அதுதான். செறிவு குறைவாக இருந்தால் காய்ச்சிய சர்க்கரைப் பாகு போலவும், கூடினால் வெந்தயம், மசாலாப் பொடி போலவும் தோன்றும். வெல்லத்துக்கு உறவான சுத்திகரிக்காத கரும்புச் சர்க்கரையிலும் உண்டு; வருஷக்கணக்கில் பீப்பாயில் வைக்கும் ஷெர்ரி, மதேரா ஒயின்களிலும் உண்டு. வெந்தயம் நிறையச் சாப்பிட்டவர்களின் வியர்வையில் மறுநாள் வீசும் மணத்துக்கும் இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும்.

வெந்தயம் துளியும் சேராத பீரில் இது எப்படி வந்தது? எத்தனால் ஆக்சிஜனோடு சேர்ந்தால் அசிட்டால்டிஹைடு ஆகும். திரியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஆல்ஃபா-கீட்டோபியூட்ரிக் அமிலம் வரும். இந்த இரண்டும் கைகோத்தால் சோட்டோலான். பாட்டில் மூடியின் ஓரமாக ஆக்சிஜன் மிக மெல்லக் கசிந்து உள்ளே வருகிறது. பாட்டிலுக்குள்ளேயே அடியில் தங்கியிருக்கும் ஈஸ்ட் உயிரோடு இருக்கும்வரை அதைப் பிடித்துத் தின்றுவிடும். ஈஸ்ட் ஓய்ந்த பிறகு வருகிற ஆக்சிஜன் பீருக்குத்தான் போகும். ஆக, சித்தி மோந்தது ஈஸ்ட் காவலை விட்ட பிந்தைய காலத்தின் மணம்.

வெளிர் லாகர் பழசானால் ஏன் இப்படி ஆவதில்லை என்று கேட்கலாம். அங்கேயும் வினைகள் நடக்கின்றன, மறைக்க ஒன்றும் இல்லை என்பதுதான் வித்தியாசம். மால்ட்டின் கொழுப்பிலிருந்து வரும் டிரான்ஸ்-2-நோனெனால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை கொண்டது. லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். லாகரில் அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். கறுப்பு ஏலில் பேரீச்சையும் கருப்பட்டியும் எழுப்பும் கூட்டத்தில் அமுங்கிவிடும்.

எல்லா முதுமையும் அழகு என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் பழைய பாட்டிலில் நுரை வந்த வேகத்தில் அடங்கிவிட்டது. இறந்த ஈஸ்டிலிருந்து வெளியேறும் புரோட்டினேஸ்-ஏ என்ற என்ஸைம் நுரையைத் தாங்கும் புரதங்களை வெட்டிவிடும். ஈஸ்ட் செல்கள் உடைந்து உள்ளிருப்பது கரையும்போது சோயா சாஸ் வாடையும் வரும். அடியில் இருந்த மண்டியைக் கலக்கி ஊற்றிய கடைசி டம்ளரில் அது தெளிவாகவே இருந்தது. மண்டியைப் பாட்டிலிலேயே விட்டுவிடுவது நல்லது.

இதில் ராயபுரத்தின் பங்கு வெயில். பெல்ஜிய நிலவறை 12, 13 டிகிரி. எங்கள் பக்கத்து மாடி வீட்டு அறை கோடையில் இரவில்கூட 33 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேதிவினை இரண்டு முதல் மூன்று மடங்கு வேகமாகும் என்பது பொதுவான கணக்கு. 20 டிகிரி வித்தியாசம் என்றால் 4 முதல் 9 மடங்கு. அப்படியானால் நிலவறையில் பல வருஷம் காத்திருப்பதை இங்கே ஒரே வருஷத்தில் முடித்துவிடலாமே என்று தோன்றும். அது நடக்காது. வினைக்கு வினை வெப்பத்தால் வேகம் கூடுவது வேறுவேறு அளவில். சிலது இரண்டு மடங்கு ஓடும்போது சிலது நான்கு மடங்கு ஓடும். ஆகவே சூட்டில் கிடந்த பாட்டில் சீக்கிரம் வயதான அதே பீர் ஆகாது, மணங்களின் விகிதமே மாறிய வேறொரு பீர் ஆகும். வெந்தயமும் சோயாவும் எங்கள் பாட்டிலில் அவ்வளவு முன்னால் நின்றதற்கு அலமாரியின் சூடுதான் காரணம் என்பது என் ஊகம்.

இந்தக் கரைக்கு இது புதிதும் இல்லை. சூயஸ் கால்வாய்க்கு முந்தைய காலத்தில் இங்கிலாந்திலிருந்து மெட்ராஸ் வந்த பீர் பீப்பாய்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து, மாதக்கணக்கில் கப்பலில் குலுங்கியே வந்தன. அப்போது துறைமுகமும் கிடையாது. கயிற்றால் தைத்த மசூலாப் படகில் இறங்கி அலை தாண்டித்தான் கரை சேரும். வழியெல்லாம் பீர் முதிர்ந்துகொண்டே வந்தது.

சரி, சுவைப்பது எப்படி? ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த உடனே குடித்தால் பாதிக்கு மேல் வீண். குளிரில் மணப்பொருள்கள் ஆவியாகி மேலே வராது. இனிப்பை உணரும் செல்களில் உள்ள டி.ஆர்.பி.எம்.5 என்ற புரதக் கதவும் குளிரில் மந்தம். 12 டிகிரி அருகில்தான் இந்த பீர் வாய் திறக்கும். சென்னையில் அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், டம்ளரை மேசையில் வைத்தாலே சில நிமிஷங்களில் வந்துவிடும். அப்புறம் நிறுத்தாமல் ஏறிக்கொண்டே போகும் என்பதால், ஒரே டம்ளரில் இடைவெளி விட்டு மூன்று நான்கு முறை மோந்து பாருங்கள். லேசான எஸ்டர்கள் முதலில், கனமான கருப்பட்டி, வெந்தய மணங்கள் பின்னால் என்று வரிசையாக வருவது தெரியும்.

நீளமாக இழுத்து மோக்க வேண்டாம். சின்னச் சின்னதாக மோந்து, நடுவில் உங்கள் சட்டைக் கையை மோந்துகொள்ளுங்கள். ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் மூக்கு அதைக் கணக்கிலிருந்து நீக்கிவிடும். காசிமேட்டில் வேலை செய்கிறவர்களுக்கு மீன் வாடை தெரியாமல் போவது இதனால்தான். ஒரு மிடறு வாயில் வைத்து விழுங்கிய பின் மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். தொண்டைக்குப் பின்னால் இருந்து மூக்குக்கு ஏறும் காற்றுதான் நாம் சுவை என்று நினைப்பதில் பெரும்பகுதியைச் சுமந்து போகிறது. தொண்டையில் இறங்கும் கதகதப்பு நரம்பு வேலை. மிளகாய்க் காரத்தை உணர்கிற அதே டி.ஆர்.பி.வி.1 என்ற புரதக் கதவு சாதாரணமாக 42 டிகிரியில் திறக்கும். எத்தனால் பட்டால் 34 டிகிரி அளவிலேயே திறந்துவிடும். நம் உடல் சூடே அதற்கு நெருப்பாகத் தோன்றுகிறது.

எங்கள் மாலையின் ஒப்பீட்டில் ஒரு ஓட்டை உண்டு. இரண்டு பாட்டில்களும் வெவ்வேறு ஆண்டுகளில் காய்ச்சியவை, வித்தியாசத்தில் எவ்வளவு வயதால் வந்தது, எவ்வளவு சூட்டால் வந்தது என்று பிரிக்க முடியாது. அடுத்த முறை ஒரே ஆண்டு அச்சிட்ட இரண்டைக் கொண்டுவரச் சொல்லி சித்தப்பாவிடம் கேட்டிருக்கிறேன். ஒன்று ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில், மற்றது அதே மர அலமாரியில், இரண்டும் வெளிச்சம் படாமல் நிமிர்த்தி வைத்து. திறக்கும்போது முக்கோணச் சோதனை: மூன்று டம்ளரில் இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது, எது தனி என்று பார்க்காமல் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் ஒருவர் சரியாகச் சொல்ல மூன்றில் ஒரு வாய்ப்பு. ஐந்து பேரும் சரியாகச் சொல்ல 243-இல் ஒன்று. சித்தியும் மோந்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார்.