பெட்டியில் இருக்கும் எட்டை நம்பி போன் வாங்காதீர்கள்

சென்ற வாரம் மண்டபத்திலிருந்து ஒரு மீனவர் கடைக்கு வந்தார். மகனின் படிப்புக்காக வாங்கிய போன், இரண்டு மாதம்கூட ஆகவில்லை. காலிப் பெட்டியையும் மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதில் அச்சிட்டிருந்த ‘ஆக்டா கோர்’ என்ற எழுத்தின் மேல் விரலை வைத்து, “எட்டு இருக்கிறது என்றுதானே தம்பி வாங்கினேன், பிறகு ஏன் இப்படித் திணறுகிறது?” என்றார். பாடக் காணொளியிலிருந்து வாட்ஸ்அப்புக்கு மாறிப் பார்த்தேன். பத்து எண்ணும்வரை திரை அசையவில்லை. கருவாடு விற்றுச் சேர்த்த காசு அது. இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்துவிட்டது.

ஆக்டா என்றால் எட்டு. கோர் என்பது போனின் மூளையான சிப்புக்குள் வேலை செய்யும் ஆள். கரைவலை இழுக்க எட்டுப் பேர் நிற்கிறார்கள் என்றால், அந்த எட்டுப் பேரும் சிறுவர்களா, தோள் உரமேறியவர்களா என்று பார்க்க மாட்டீர்களா? அதுமட்டுமல்ல, எல்லா வேலையும் வலை இழுப்பது போன்றதல்ல. கிழிந்த கண்ணியை ஒருவர்தான் உட்கார்ந்து முடிய முடியும். சுற்றி ஏழு பேர் நின்று பயனில்லை. வாட்ஸ்அப் போன்ற செயலியைத் திறப்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட வேலை.

ஹீலியோ பி35 சிப்பில் எட்டும் கார்டெக்ஸ் ஏ53 என்ற சிறிய கோர்கள், வேகம் 2.3 கிகாஹெர்ட்ஸ் வரை. ஹீலியோ ஜி85 சிப்பில் 2 பெரிய ஏ75, 6 சிறிய ஏ55, வேகம் 2.0 கிகாஹெர்ட்ஸ்தான். எண்ணைப் பார்த்தால் முதலாவதுதான் பெரிது. கையில் எடுத்தால் இரண்டாவதுதான் விரைவு. இரண்டும் மீடியாடெக் செய்தவை.

‘ஸ்னாப்டிராகன் சிப்பா மீடியாடெக் சிப்பா’ என்று கட்சி கட்டுபவர்களும் வருகிறார்கள். ஐயா, இரண்டும் ஆர்ம் கட்டமைப்புதான், அதாவது ஒரே கட்டளை மொழி பேசுபவை. உண்மையான எதிரணி, கணினிகளில் இருக்கும் இன்டெலின் எக்ஸ்86 கட்டமைப்பு. 2012 ஏப்ரலில் அந்த இன்டெல் சிப் போட்ட முதல் ஆண்ட்ராய்டு போன் ‘சோலோ எக்ஸ்900’ நம் நாட்டில்தான் விற்பனைக்கு வந்தது. ஆர்முக்காக எழுதிய செயலிகளை அதில் மொழிபெயர்த்து ஓட்ட வேண்டியிருந்தது. நெட்வொர்க்கோடு பேசும் 4ஜி மோடத்தைச் சிப்புக்குள்ளேயே சேர்ப்பதிலும் இன்டெல் பின்தங்கியது. 2016இல் போன் சிப்புகளைக் கைவிட்டது. கீழக்கரையில் வளைகுடாவிலிருந்து வந்த பழைய போன்களை வாங்குபவர்கள், உள்ளே இன்டெல் இருந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். பல செயலிகள் ஏறாது.

வாங்குமுன் கடைக்காரரிடம் சிப்பின் பெயரையும் எண்ணையும் கேளுங்கள். எத்தனை கோர் என்று கேட்காதீர்கள், எந்தக் கோர் என்று கேளுங்கள். ‘சிபியு-இசட்’ செயலியைப் போட்டால் போனே சொல்லிவிடும். 3 ஜிபி ராம் மட்டும் உள்ள போன் இனி வேண்டவே வேண்டாம்.

படகில் போன் மெதுவாவதற்கு எப்போதும் சிப்பைத் திட்டாதீர்கள். வெயிலில் கிடந்து சூடேறினால் எந்தச் சிப்பும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நிழலில் வையுங்கள், உறையைக் கழற்றுங்கள், சார்ஜ் போடாதீர்கள். தயவுசெய்து ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள். உள்ளே நீர் கோத்துவிடும். பாம்பனிலிருந்து அப்படி வந்த ஒரு போனைத் திறந்தபோது, சார்ஜ் முனைக்குப் பக்கத்தில் பலகை முழுதும் பச்சைப் பூத்திருந்தது.

வாங்குவதற்கு முன் மாடல் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். பார்த்துச் சொல்வதற்கு நான் காசு வாங்குவதில்லை.