உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வரும்?

தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு உப்பைக் குறையுங்கள் என்று சொல்வது கொஞ்சம் சங்கடமான வேலை. ஊரைச் சுற்றி உப்பளம். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு அப்பாவோ தாத்தாவோ அளத்தில் வேலை பார்த்திருப்பார்கள். உணவியல் நிபுணரான என் மேசைக்கு எதிரே உட்கார்ந்ததும் பிரஷர்காரர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "சோத்துக்கு நான் உப்பே போட்டுக்கிட மாட்டேன்ம்மா."

பொய் இல்லை. சோற்றில் உப்பு இல்லைதான். குழம்பில் இருக்கிறது, பொரியலில் இருக்கிறது, தொட்டுக்கொள்ளும் ஊறுகாயில் இருக்கிறது.

போன வருடம் வந்த அண்ணாச்சி ஒருவரும் இதையே சொன்னார். வயது 58, அன்றைய அளவு 156/94. மாத்திரையைத் தலை சுற்றினால் மட்டும் போடுகிறவர். (இது தனிக் கொடுமை. பிரஷர் ஏறியிருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. தலைசுற்றலை நம்பி மாத்திரை போட முடியாது.) அவரை விட்டுவிட்டு, கூட வந்த அவர் மனைவியிடம் கேட்டேன்: "வீட்டுல ஒரு கிலோ உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வரும்?"

அந்த அம்மா யோசிக்கவே இல்லை. "மாசத்துக்கு ஒண்ணு. சில மாசம் அதுவும் பத்தாது."

வீட்டில் மூன்று பேர். 1000 கிராமை 30 நாளுக்கும் மூன்று பேருக்கும் வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 11 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குக் கீழே, அதாவது தோராயமாக ஒரு டீஸ்பூன். மீன் அலசவும், வாய் கொப்பளிக்கவும் கொஞ்சம் போயிருக்கும், சரி. ஆனால் அந்தக் கணக்கில் கருவாடு வரவில்லை, அப்பளமும் மோர் மிளகாயும் வரவில்லை, வாரத்தில் இரண்டு ராத்திரி கடையில் சாப்பிடும் புரோட்டா சால்னாவும் வரவில்லை.

உப்பு கூடும்போது உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ரத்தத்தின் அளவு கூடுகிறது, குழாய்ச் சுவரில் அழுத்தம் ஏறுகிறது, அந்தப் பாரத்தை எதிர்த்து இதயம் வருடக்கணக்கில் பம்ப் அடிக்க வேண்டியிருக்கிறது.

"அப்போ இந்துப்புக்கு மாறிடட்டுமா?" என்பது அடுத்த கேள்வி. இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். விலை கூடுதல், பலவற்றில் அயோடினும் கிடையாது. பொட்டாசியம் கலந்த குறைந்த சோடிய உப்பு வேறு கதை. சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆபத்து. டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

குறைப்பதை மட்டுமே பேசினால் யாரும் இரண்டாம் தடவை வரமாட்டார்கள். சேர்ப்பதும் வேலை செய்யும். 1997-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உப்பை மாற்றாமல் காய், பழம், கொழுப்பு குறைந்த பால் பொருட்களைக் கூட்டியபோது, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 11 புள்ளி இறங்கியது. எட்டே வாரத்தில். நம் தட்டில் அது முருங்கைக் கீரை, அவரைக்காய்ப் பொரியல், சுண்டல், ஆடை எடுத்த பாலில் தயிர். மீனுக்கு இங்கே பஞ்சமா? வஞ்சிரம்தான் வேண்டும் என்பதில்லை. விலை மலிவான சாளையில் இதயத்துக்கு நல்ல கொழுப்பு நிறையவே இருக்கிறது. பொரிக்காமல் குழம்பு வையுங்கள்; அரைக்கிற தேங்காயையும் பாதியாக்குங்கள்.

இதையெல்லாம் கேட்ட அண்ணாச்சி, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று எழுந்துவிட்டார். நான் உப்பில்லாமல் சாப்பிடச் சொல்லவில்லை. அந்த அம்மாவிடம் மட்டும் தனியாகச் சொன்னேன்: கையால் அள்ளிப் போடாதீங்க, ஸ்பூனால் அளந்து போடுங்க, வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைங்க, புளி, எலுமிச்சை, மிளகு, பூண்டைத் தூக்கலா வைங்க, முக்கியமா, வீட்டுல யாருக்கும் சொல்லாதீங்க. நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். பாக்கெட் பிரிக்கும் தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதச் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து வந்தார்கள். மாத்திரையைத் தினமும் போட்டிருந்தார். அளவு 138/86. எது எவ்வளவு குறைத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. "அப்போ மாத்திரைய நிறுத்திடலாமா?" என்றார். கூடாது, அது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது என்றேன். அந்த அம்மா பையிலிருந்து காலி உப்புப் பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தார். தேதிப்படி 47 நாள் வந்திருந்தது. ஆளுக்கு 7 கிராம்.

"குழம்புல உப்புக் குறைஞ்சத இவுக இன்னும் கண்டுபிடிக்கல" என்றார். அண்ணாச்சி அவரைத் திரும்பிப் பார்த்தார். ஊறுகாய் பாட்டிலை மட்டும் இன்னும் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து நகர்த்த முடியவில்லையாம்.