உட்கவர்வி: 'அப்சோர்பர்' என்னும் சொல்லின் விளக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டறைகளில் 'அப்சோர்பர்' என்றால் மோட்டார் சைக்கிளின் அதிர்வைத் தாங்கும் உறுப்பு. மில்லிமீட்டர் அலைகளை (30 முதல் 300 கிகாஹெர்ட்ஸ் வரை) அளப்பவர்களுக்கோ அது, விழும் அலையைத் திருப்பாமலும் கடக்க விடாமலும் வெப்பமாக மாற்றிவிடும் பொருள். ஆறாம் ஆண்டோடு தமிழ்வழி அறிவியலை விட்டுப் பிரியும் நம் தோட்டத்துப் பிள்ளைகளிடம் இந்தப் பொருளைத் தமிழில் சேர்க்க வேண்டும்.

இந்த ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் 'சோர்பேரே'. உறிஞ்சுதல் என்று பொருள். மலாய் 'செராப்' என்பதும் அதே கருத்துதான். இலங்கைப் பாடநூல்கள் 'அகத்துறிஞ்சல்' என்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'உட்கவர்தல்' என்கின்றன. இங்கே 'உட்கவர்வி'தான் பொருத்தம் என்பேன். அலையை அளக்கும் கருவியின் அளவைச் சரிபார்த்துச் சீர்செய்யும் முறையைப் பாருங்கள்: கார்பன் கலந்த நுரையை அறை வெப்பநிலையில், ஏறத்தாழ 300 கெல்வினில், கருவியின் முன் வைப்பார்கள், பிறகு 77 கெல்வின் குளிருள்ள திரவ நைட்ரஜனில் நனைத்து வைப்பார்கள். நுரை நைட்ரஜனை உறிஞ்சுகிறது, அலையை உட்கவர்கிறது. ஒரே பொருளில் இரு வேறு செயல்கள். ஒரே சொல் போதாது. நன்றாக உட்கவரும் பொருள் நன்றாக உமிழவும் செய்யும் என்று ஜெர்மன் இயற்பியலாளர் கிர்க்காஃப் 1859இல் காட்டினார். அதனால்தான் அந்த நுரையின் வெப்பநிலையே அளவுகோலாகிறது.

விலை உயர்ந்த நுரை கிடைக்காவிட்டால் 'மாற்று உட்கவர்வி' தேட வேண்டும். கண்ணுக்குக் கறுப்பாக இருப்பதை நம்பக் கூடாது. நம் ஊர்ப் பால்மரத்து ரப்பர் ஷீட்டில் கார்பன் தூள் கலப்பதில்லை. அலையின் பெரும்பங்கு ஊடுருவிப் போய்விடும். டயர் ரப்பரில் கார்பன் தூள் உண்டு, ஆனால் வழவழப்பான முகம் ஒரு பங்கைத் திருப்பிவிடும். தண்ணீரும் அப்படியே: உள்ளே நுழைந்த அலையை விடாது, மேற்பரப்பிலேயே கணிசமானதைத் திருப்பும். மின்னணுச் சில்லுகளைச் செருகி அனுப்பும் கறுப்பு நுரை நல்ல தேர்வு. கூம்புகளாக வெட்டினால் இன்னும் நல்லது. அலை படிப்படியாக உள்ளே போகும். கார்பன் மிகுந்துவிட்டால் அதுவும் உலோகம்போல் திருப்பத் தொடங்கும்.

சோதிப்பது எளிது. நுரைக்குப் பின்னால் உலோகத் தகட்டை வைத்தும் எடுத்தும் பாருங்கள். கருவி காட்டும் அளவு மாறினால் அலை கடக்கிறது, தடிப்பைக் கூட்டுங்கள். நுரையைச் சற்றே சாய்க்கும்போது மாறினால் முகம் திருப்புகிறது. பதிவேட்டில் 'நுரை' என்று மட்டும் எழுதாமல் கார்பன் கலந்ததா, தடிப்பு எத்தனை மில்லிமீட்டர், எந்த அதிர்வெண்ணில் சோதித்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.