வாடகைச் சட்டம் மாறினால் வீட்டுக்காரர் சொல்ல வேண்டுமா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் பின்பக்கம் ஓர் அவுட்பில்டிங் (தனிச் சிறு கட்டடம்) போட்டு வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகள் நிறைய. குடிவருபவர் தெரிந்தவராக இருப்பார், இல்லையென்றால் தெரிந்தவருக்குத் தெரிந்தவர். எல்லாம் வாய்ப்பேச்சுதான். தகராறு வந்த பிறகுதான், "சட்டம் மாறியிருக்காமே, ஏன் சொல்லல?" என்ற கேள்வி வரும்.

புதுச் சட்டம் வந்துவிட்டது என்று குடித்தனக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லும் பொதுக்கடமை எதையும் 1999ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டம் வீட்டுக்காரர் தலையில் வைக்கவில்லை. சட்டத்தை விளக்க நகராட்சிகள் தகவல் அலுவலகம் திறக்கலாம் என்கிறது, அவ்வளவுதான். ஆனால் உங்கள் வாடகை விவரங்களை எழுத்தில் தரும் கடமை அவருக்கு உண்டு.

முதலில் ஒப்பந்தம். குடித்தனக்காரர் கேட்டால் அதை எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். வாடகை எவ்வளவு, எப்படி ஏறும், டெபாசிட் எவ்வளவு, வேறு என்ன கட்டணம், காலி செய்ய எவ்வளவு நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். வீட்டு விதிகள் இருந்தால் அதன் நகலையும் இணைக்க வேண்டும். ராத்திரி பத்துக்கு மேல் கேட் திறக்க மாட்டேன் என்பது விதியானால், அதுவும் தாளில் இருக்கட்டும்.

அப்புறம் ரசீது. பணம் வாங்கும் ஒவ்வொரு தடவையும் எழுத்தில் தர வேண்டும். தேதி, கதவு எண்ணோடு முகவரி, கொடுத்தது வாடகையா பாக்கியா டெபாசிட்டா, எந்தக் காலத்துக்கு என்பது தெளிவாக இருக்க வேண்டும். "2,000 ராண்ட் வந்தது" என்று கிறுக்கிய துண்டுச்சீட்டு போதாது. "அண்ணே, ரசீது" என்றால், "என்னை நம்பலையா?" என்று முகம் சுளிப்பவர் நம்மில் உண்டு. நம்பிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; நாளைக்கு அவருக்கும் அதுதான் சாட்சி.

டெபாசிட்டை வட்டி வரும் கணக்கில் போட வேண்டும். எவ்வளவு வட்டி சேர்ந்தது என்று எழுத்தில் ஆதாரம் கேட்கலாம். குடிவருமுன் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, குறைகளைப் பட்டியலிட்டு ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். டர்பன் ஈரத்தில் கூரையில் பூஞ்சை பூத்திருக்கும், கெய்சர் (வெந்நீர்த் தொட்டி) ஒழுகும். வந்த அன்றே எழுதாவிட்டால் போகும்போது உங்கள் கணக்கில் ஏறும். காலி செய்கையில் பாக்கி எதுவும் இல்லையென்றால் 7 நாளில் வட்டியோடு டெபாசிட் திரும்ப வேண்டும். சேதத்தைச் சரிசெய்யப் பிடித்தம் செய்தால், அதற்கான ரசீதுகளைக் காட்ட வேண்டும்.

இனி, பின்னால் வந்த சட்டங்கள். ஏஜென்ட் மூலம் வீடு எடுப்பவருக்கு 2022 பிப்ரவரி 1 முதல் புது ஏற்பாடு: வீட்டில் தனக்குத் தெரிந்த குறைகளை உரிமையாளர் ஒரு படிவத்தில் எழுதித் தந்தால்தான் ஏஜென்ட் அந்த வீட்டை எடுத்து நடத்தலாம். கையெழுத்தான படிவம் ஒப்பந்தத்தோடு இணைய வேண்டும். அது இல்லாமல் தாளை நீட்டினால், கேட்டு வாங்குங்கள்.

2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இன்னொன்று. குறிப்பிட்ட காலத்துக்குப் போட்ட ஒப்பந்தம் முடிய 40 முதல் 80 வேலைநாள் இருக்கும்போதே, முடியப்போகிறது, புதுப்பித்தால் என்னென்ன மாறும் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கடைசி வாரத்தில் வந்து, "அடுத்த மாசத்திலிருந்து வாடகை கூடுது" என்பதற்கு அங்கே இடமில்லை. ஆனால் இது வாடகையைத் தொழிலாகச் செய்பவருக்கு. பின்பக்கம் ஒரே அறை விட்டிருப்பவரும் அதில் அடங்குவாரா என்பது விவாதத்துக்குரியது.

ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு தமிழையும் மதிக்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகப் பெயர் சொல்லியிருந்தாலும், ஆட்சிமொழிப் பட்டியலில் அது இல்லை. ஆயா தாத்தாவுக்குப் பேரப்பிள்ளைதான் வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கையெழுத்துக்கு முன்னால் வாசிக்கச் சொல்லுங்கள்.

எழுத்தில் கேட்டும் தரவில்லையென்றால் மாகாண வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. புகார் கொடுத்தாயிற்று என்று வாடகையை நிறுத்திவிடாதீர்கள், அதைத் தொடர்ந்து கட்ட வேண்டும். வீட்டுக்காரரும் தீர்ப்பு வரும்வரை அல்லது 3 மாதம் வரை, இதில் எது முன்னால் வருகிறதோ அதுவரை, உங்களை வெளியேற்றக் கூடாது. போகும்போது ஒப்பந்தம், ரசீதுகள், நீங்கள் அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்திகளின் அச்சுப்பிரதி எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு எடுத்துப் போங்கள்.